மனு பார்க்கப் போன ஜெயில்

ரியாஸ் போன் செய்தபோது ராமாமணி கிரைண்டரில் மாவு வழித்துக்கொண்டிருந்தாள். புறங்கையால் ஸ்பீக்கரை அழுத்திவிட்டு, “சொல்லு கண்ணு” என்றாள்.

“பெரியம்மா, ஞாயித்துக்கெழமை ஊட்டுலதான இருப்பீங்க? வெள்ளகோவில் ரோட்டுல அந்தப் பழைய ஜெயிலை மியூசியமாக்கித் தொறந்துட்டாங்களாமுங்க. அம்மா பார்க்கோணும்ங்கறாங்க. பெரியப்பா கூட வந்து காட்டுனாத்தான் ஆச்சுன்னு ஒரே புடிவாதம். நான் காரு கொண்டாரேன்.”

ராமாமணி பதில் சொல்வதற்குள் கூடத்திலிருந்து கண்ணையா, “வாரோம்னு சொல்லு!” என்று கத்தினார். எழுபத்தாறு வயதாகிறது. வேறு எதற்குக் கூப்பிட்டாலும் இரண்டு தடவை ‘ஆங்?’ என்று கேட்பவருக்கு ஜெயில் என்றால் மட்டும் அடுத்த அறையிலிருந்தே காது கேட்டுவிடும்.

ஐம்பது வருடத்துக்கு முந்தைய கதை அது. எமர்ஜென்சி சமயம். மாநில ஆட்சியைக் கலைத்த கையோடு ஊர் ஊராக ஆள் பிடித்தார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த கண்ணையா, தொழிற்சங்கக் கூட்டங்களில் மைக் பிடிப்பவர். கம்பெனி வாசலிலேயே அவரை வேனில் ஏற்றினார்கள். கோட்டைமேட்டில் தையல்கடை வைத்திருந்த அப்துல் குத்தூஸ் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. கட்சிக்குக் கொடி தைத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். பாதி தைத்த கொடியோடு அவரையும் கொண்டுபோனார்கள். கோவை ஜெயிலில் இடம் போதவில்லை என்று கொஞ்சம் பேரை, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய அந்தச் சின்ன ஜெயிலுக்கு லாரியில் அனுப்பியபோது, கண்ணையாவின் வலது கையும் குத்தூஸின் இடது கையும் ஒரே விலங்கில் இருந்தன. அன்றைக்குப் பிடித்த சினேகிதம், குத்தூஸ் மூன்று வருடத்துக்கு முன் மவுத்தாகும்வரை விடவில்லை. அவருடைய மகன்தான் ரியாஸ்.

அந்தப் பதினோரு மாதத்தைக் கண்ணையா பேசித் தீர்த்ததே இல்லை. சோற்றைப் பிசைந்து சதுரங்கக் காய் செய்தது, கைதாகி வந்த ஒரு காலேஜ் வாத்தியார் எல்லோருக்கும் இங்கிலீஷ் பேப்பர் படிக்கச் சொல்லிக்கொடுத்தது, களியில் கல் கிடந்ததற்கு அதைத் தட்டில் வைத்து ஊர்வலம் போனது, வார்டரைப் போல நடந்துகாட்டி நாடகம் போட்டது. கல்யாண வீட்டில், எழவு வீட்டில், பஸ் ஸ்டாப்பில், ஆள் கிடைத்தால் போதும். “அந்த மாதிரி ஒரு காலம் இனி வருமா?” என்றுதான் முடிப்பார். காலேஜுக்குப் போகாத அவருக்கு அதுதான் காலேஜ் என்று மகன்கூடச் சொல்லிச் சிரிப்பான்.

ராமாமணி சிரித்ததில்லை. அவர் உள்ளே சதுரங்கம் ஆடிய அந்த வருடம், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத அவள், மில்லில் கழிவுப் பஞ்சு பொறுக்கப் போனாள். ஊர் நாயுடு வீடுகளில் அப்போது யாரும் தங்கள் மருமகளை அந்த வேலைக்கு அனுப்பமாட்டார்கள். “பொறந்த ஊட்டுக்குப் போயிரு, அவன் வந்தாச் சொல்லியனுப்பறோம்” என்று மாமியார் சொன்னதற்கு, “அவுரு வாரப்ப நான் இங்கதான் இருக்கோணும்” என்று சொல்லிவிட்டு விடிகாலையில் பஞ்சு மூட்டைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். லீவு நாளில் மூன்று பஸ் மாறி அந்த ஜெயிலுக்குப் போவாள். அவரைப் பார்க்க அனுமதி கேட்டு மனு போட்டுக் காத்திருப்பாள். பாதி நாள், “இன்னைக்கு மனு இல்லை, போங்க” என்பார்கள். அந்த வாசலைத் தாண்டி ஒரு அடி அவள் உள்ளே வைத்ததில்லை. பார்க்க விட்ட நாட்களிலும் வாசல் கதவில் இருந்த சின்னக் கம்பி ஜன்னல் வழியாகத்தான்.

“எனக்கு அந்த எடத்தைப் பார்க்கோணும்னே இல்லீங்க” என்றாள் அன்றிரவு சாப்பாடு போடும்போது.

“குல்சும் ஆசைப்படுதுல்ல? குத்தூஸ் ஒரு வார்த்தை சொன்னதில்லையாம் அதுகிட்ட. நான் காட்டாம யாரு காட்டறது?” என்றார் கண்ணையா.

அது உண்மை. குத்தூஸின் மனைவி உம்மல் குல்சுமுக்காகத்தான் ராமாமணியும் கிளம்பினாள்.

ஞாயிறு காலை ரியாஸின் கார் வந்து நின்றது. முன் சீட்டில் கண்ணையா ஏறிக்கொண்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். பின் சீட்டில் குல்சும் நகர்ந்து இடம் கொடுத்து ராமாமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை சூலூர் தாண்டும்வரை விடவில்லை.

“அப்ப நீ போட்டிருந்த அந்த வெள்ளைத் துப்பட்டி ஞாபகம் இருக்குதா குல்சும்? புளுதி ரோட்டுல அதை எப்படித்தான் வெள்ளையா வெச்சிருந்தயோ” என்றாள் ராமாமணி.

“நீங்க வேற அக்கா. என்ற மாமியா ஒவ்வொரு தடவையும் நீலம் போட்டுக் குடுத்து அனுப்பும். ஜெயிலுக்கு வந்தாலும் கவுரவமா வரோணுமாம்.”

ரியாஸ் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். நாற்பத்தொன்பது வயது, உக்கடத்தில் கார் சீட் கவர் கடை வைத்திருக்கிறான். அத்தாவின் தையல் மெஷின் இன்னும் அந்தக் கடையின் மூலையில் இருக்கிறது.

இரண்டு பெண்களும் அந்த ஜெயில் வாசலில்தான் முதன்முதலில் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கும் மனு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எதிரே ஒரு வெள்வேல மரம், அதன் அரைகுறை நிழல். ஒரு முனையில் ராமாமணி, இன்னொரு முனையில் துப்பட்டிக்குள் தேம்பிக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பெண். வீட்டுக்காரருக்குக் கொண்டுவந்த கச்சாயப் பலகாரத்தை ராமாமணி பிரித்து, “இந்தா அம்மணி, அவுங்கதான் வாங்கலை, நாமளாவது திம்போம்” என்று நீட்டினாள். அதற்கப்புறம் இருவரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே பஸ்ஸில் போகத் தொடங்கினார்கள்.

பல்லடம் தாண்டிக் காங்கேயமும் போனது. எண்ணெய் ஆலைகளும் தேங்காய்க் களங்களும் வரிசையாக வந்தன. கண்ணையா ஒவ்வொரு திருப்பத்திலும், “இங்க லாரி நின்னுச்சு, இங்க ஒரு தண்ணித் தொட்டி இருந்துச்சு” என்று காட்டிக்கொண்டே வந்தார். அவர் காட்டிய இடத்தில் ஒன்றில் பெட்ரோல் பங்க் இருந்தது, இன்னொன்றில் கல்யாண மண்டபம்.

ஜெயில் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. செங்கல் நிற மதிலுக்குப் புதிதாகக் காவி வண்ணம் அடித்து, கல் விளிம்புகளுக்கு வெள்ளை பூசியிருந்தார்கள். ரோட்டை அகலப்படுத்தியதில் வாசல் முன்னால் இருந்த வெட்டவெளி போய்விட்டது. ராமாமணி காரிலிருந்து இறங்கி வாசலைப் பார்த்தாள். அந்த இரும்புக் கதவும் அதில் ஆள் நுழைகிற சின்னக் கதவும் அப்படியே. சின்னக் கதவு அகலத் திறந்து கிடந்தது. அதில் ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி நுழைந்துகொண்டிருந்தது.

“வாங்க பெரியம்மா” என்றான் ரியாஸ்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். யாராவது ‘ஏய், எங்க போற?’ என்று கேட்பார்கள் என்று உடம்பு எதிர்பார்த்தது. குல்சும் பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் நுழையவில்லை.

“சேந்தே போலாம் அக்கா” என்றாள்.

இருவரும் தலையைக் குனிந்து, ஒருவர் பின் ஒருவராக அந்தக் கதவைக் கடந்தார்கள். எவரும் ஒன்றும் கேட்கவில்லை.

டிக்கெட் மேசையில் இருந்த சாய்ப்ரியா என்ற பெண்தான் சுற்றிக் காட்டவும் வந்தாள். சரித்திரம் படித்தவள். நாற்பத்திரண்டில் வெள்ளையனை வெளியேறச் சொன்ன போராட்டத்தில் கைதானவர்களை இங்கேதான் வைத்திருந்தார்கள் என்று பெரிய பெரிய படங்களுக்கு முன்னால் நின்று சொன்னாள். கதர் சட்டை போட்ட பொம்மைக் கைதிகள் சம்மணமிட்டு ராட்டை சுற்றினார்கள். அந்த அறையைத் தாண்டியதும் ஒரு மூலையில் எமர்ஜென்சிக்கு ஒரு பலகை. ஆறேழு வரி. பக்கத்தில் ஒரு அலுமினியத் தட்டு, ஒரு குவளை.

“இவ்வளவுதானா கண்ணு?” என்றார் கண்ணையா.

“போட்டோ எதுவும் கெடைக்கலைங்க சார். அப்ப இங்க இருந்தவங்க யாராவது இருக்காங்களான்னும் தெரியலை.”

கண்ணையா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். “நான் இருந்தனுங்க.”

அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். “அப்பக் கண்டிப்பா நீங்கதானுங்க சார் எங்களுக்குச் சுத்திக் காட்டோணும்.”

அதற்காகத்தான் பிறந்ததுபோலக் கண்ணையா முன்னால் நடந்தார். இது சமையல்கட்டு. இங்கே சதுரங்கம். இந்தத் தூணில் சாய்ந்துதான் வாத்தியார் பேப்பர் படிப்பார். ஐஸ்கிரீம் குடும்பமும் சேர்ந்து கேட்டது. ஆனால் போகப் போக அவர் பேச்சு குறைந்தது. அறைகளின் தரைக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். சுவரில் அவர்கள் கரியால் எழுதி வைத்ததெல்லாம் சுண்ணாம்புக்குள் போய்விட்டது. வேம்பு இருந்த இடத்தில் புல்தரையும் குழந்தைகளுக்கு ஒரு ஊஞ்சலும். தன் அறை என்று அவர் காட்டிய இடத்தில் தீயணைப்புக் கருவிகளும் துடைப்பமும் வைத்திருந்தார்கள்.

ராமாமணி அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுடைய சமையலறை அளவுகூட இல்லை.

“இதுலயா? இதுல எத்தனை பேரு?”

“பதினாலு பேரு. ஒருக்களிச்சுத்தான் படுக்கோணும். ஒருத்தன் திரும்புனா எல்லாரும் திரும்போணும்” என்றார்.

இதை அவர் சொன்னதே இல்லை. சதுரங்கக் காய் எத்தனை செய்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஒருக்களித்துப் படுத்தது தெரியாது.

குல்சும் அறை வாசலில் நின்று, “எங்கவூட்டுக்காரரு எந்தப் பக்கம் படுப்பாருங்க அண்ணா?” என்றாள்.

“செவுத்தோரம். எனக்கு அடுத்தாப்பல. தூக்கத்துல காலை ஆட்டுவான், மெஷின் மிதிக்கற மாதிரி.”

குல்சும் சிரித்துவிட்டாள். “கடைசி வரைக்கும் அப்படித்தான் அண்ணா.”

கண்ணையா சிரிக்கவில்லை. அறைகளுக்குப் பின்னால் பூட்டிக்கிடந்த ஒரு கம்பிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அக்கட்ட போகலாமுங்களா?” என்று சாய்ப்ரியாவிடம் கேட்டார்.

“பின்கட்டு வேலை இன்னும் முடியலைங்க. யாரையும் விடறதில்லை…” என்று தயங்கியவள், சாவி எடுத்துவந்து திறந்துவிட்டாள். “பாத்துப் போங்க, ஜல்லி கெடக்குது.”

அவளும் மற்றவர்களும் அங்கேயே நின்றுவிட, நான்கு பேர் மட்டும் போனார்கள். பின்கட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை. மதிலின் பழைய செங்கல் அரித்து, இடையிடையே புல்பூண்டு முளைத்திருந்தது. நடுவில் கம்பி வலை போட்டு மூடிய கிணறு. ஐம்பது வருடத்தில் மாறாமல் இருந்தது அந்த இடம் ஒன்றுதான்.

ராமாமணி மதிலை அண்ணாந்து பார்த்தாள். சூரியன் நிற்கிற திசையைப் பார்த்தாள். சட்டென்று குல்சுமின் தோளைத் தொட்டாள்.

“குல்சும், இதுக்கு அந்தப் பக்கம்தான் கொறங்காடு. நாம வந்து நின்ன எடம்.”

“எந்தக் கொறங்காடுங்க பெரியம்மா?” என்றான் ரியாஸ்.

மாடு மேய விட்டிருந்த அந்த முள்வேலிக் காட்டைப் பற்றி ராமாமணிதான் சொன்னாள்.

“நீ ஆடியில பொறந்தே கண்ணு. அத்தா உள்ளே இருக்கறாரு. ரியாஸுன்னு பேரு வெக்கச் சொல்லிக் கார்டு போட்டிருந்தாரு. நாப்பது நாள் கழிஞ்சதும் உன்னைத் தூக்கிட்டு வந்தா உங்கம்மா. அன்னைக்குன்னு பாத்து மனு இல்லைன்னுட்டாங்க. கொழந்தைய மட்டுமாவது காட்டறோமுங்க, அந்த ஜன்னல்ல ஒருதரம் காட்டிட்டுப் போயர்றோமுங்கன்னு அழுதோம். அசையலை. இவ அப்படியே ரோட்டுல உக்காந்துட்டா. எனக்கு ஒரே ஆத்தரம். எந்திரின்னு சொல்லி இழுத்துட்டு மதிலையே சுத்திப் பின்னால வந்தேன். வேலியில ஒரு சந்து இருந்துச்சு. உள்ளே நொழைஞ்சு மதில்கிட்ட வந்துட்டோம். மூஞ்சியத்தான் காட்ட முடியலை, சத்தத்தையாவது கேக்கட்டும்னு நெனச்சேன். நீ என்னடான்னா நல்லாத் தூங்கிட்டிருக்கறே.”

“அப்பறம்?”

“கிள்ளுனேன்” என்றாள் ராமாமணி.

ரியாஸ் வாயைத் திறந்தபடி நின்றான்.

“இவளுக்கு மனசு வரலை. நான்தான் தொடையில நல்லா அழுத்திக் கிள்ளிப்போட்டேன். ஊரே கூடற மாதிரி அழுதே. உங்கம்மா பெருங்கொரல்ல, ‘அழாதே ரியாஸ், அழாதே ரியாஸ்’னு பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்துனா. கொஞ்ச நேரம் கழிச்சு சாயங்காலத் தொழுகைக்கு அசர் பாங்கு கேட்டுச்சு. கடைசி பஸ் போயிரும்னு ஓடியாந்துட்டோம்.”

“அடுத்த தடவை மனு வரட்டும், கேட்டுச்சான்னு கேக்கலாம்னு இருந்தேன்” என்றாள் குல்சும். “அப்பறம் மூணு மாசம் எனக்கு மனுவே குடுக்கலை. வெளியே வந்த பொறவு ஒருநாள் கேட்டேன். ‘இல்லையே’ன்னாரு. அத்தோட விட்டுட்டேன்.”

கண்ணையா கிணற்றுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். ராமாமணி அவர் முகத்தைப் பார்த்தாள். பேச்சுக்கு ஆள் கிடைத்ததும் மலர்கிற முகம் அல்ல அது.

“கேட்டுச்சு அம்மணி” என்றார்.

குல்சும் திரும்பினாள்.

“நாங்க ஏழெட்டுப் பேரு தண்ணி எறச்சுட்டு இருந்தோம். கொழந்தை அழற சத்தம். அப்பறம் உன்ற சத்தம். குத்தூஸ் கவுறை அப்படியே உட்டுப்போட்டான். வாளி தொபீர்னு கெணத்துல உளுந்துச்சு. ‘என்ற புள்ளை, என்ற புள்ளை’ன்னு ரெண்டு தரம் சொன்னான். மதில்கிட்ட ஓடி ரெண்டு கையையும் செவுத்துல வெச்சுட்டு நின்னான். ஒரு சத்தம் குடுத்தாக்கூட வார்டருக்குக் கேட்டுரும். அதுக்கு என்ன தண்டனைன்னு எல்லாருக்கும் தெரியும். நான் போயித் தோளைத் தொட்டேன். ‘கண்ணையா, பொறந்த புள்ளை காதுல அத்தாதான் பாங்கு சொல்லோணும், நான் இன்னும் சொல்லலை’ன்னான்.”

குல்சுமின் பார்வை மதிலுக்குப் போனது.

“அப்பறம் காதைப் பொத்திட்டு, அந்த மதிலைப் பாத்து நின்னு, தொண்டை கிழிய பாங்கு சொன்னான் அம்மணி. நீங்க கேட்டது அசர் பாங்கு இல்லை. இங்க சுத்துப்பட்டுல அப்ப பள்ளிவாசலே கெடையாது. அது உன்ற ஊட்டுக்காரன்.”

ராமாமணிக்கு அந்த நாள் திரும்பி வந்தது. எங்கிருந்தோ தேய்ந்துபோய்க் கேட்ட குரல். குல்சும் துப்பட்டியைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, குழந்தையை மார்போடு அணைத்து, அது முடியும்வரை அசையாமல் நின்றது. இவ்வளவு சீக்கிரம் அசரா என்று அவள் பஸ்ஸில் சொன்னது.

“புள்ளை அழுகைய நிறுத்திட்டான் அக்கா” என்றாள் குல்சும். “பாங்கு கேட்டதும் நிறுத்திட்டான். உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?”

“இருக்குது.”

“முடிக்கற வரைக்கும் வார்டருக வரலைங்களா அண்ணா?”

“பாதியிலயே வந்துட்டாங்க. அவன் நிறுத்தலை. தோள்பட்டையில லத்தி உளுந்துச்சு. கொரல் நடுங்குச்சு, ஆனா நிறுத்தலை. முடிச்சுட்டுத்தான் உளுந்தான். ஒரு வாரம் தனிக் கொட்டடியில போட்டாங்க. உனக்கு மூணு மாசம் மனு இல்லைன்னதும் அதனாலதான். அவனை வெளியில உடற வரைக்கும் நாங்க ஒருத்தரும் களி வாங்கலை.”

“மழை வந்தா அந்தத் தோள்தான் வலிக்கும்பாரு” என்றாள் குல்சும். “கெணத்தடியில வழுக்கி உளுந்தேன்னு சொன்னாரு. நாப்பத்தஞ்சு வருசத்துக்கும் மேல எண்ணெய் தேச்சு உட்டிருக்கறேன்.”

“எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டான் அம்மணி. ‘அவளுக்குத் தெரிஞ்சா, புள்ளையக் கூட்டிட்டு வந்ததாலதான் அடி உளுந்துச்சுன்னு ஆயுசுக்கும் மனசு ஒடைஞ்சுபோவா. சொல்லிப்போடாதே’ன்னான். அவன் போன பொறவும் எனக்கு வாய் வரலை. இங்க வந்து நின்னு, நீயே அந்தக் கதையச் சொல்றதைக் கேட்டுட்டு, இனியும் மறைச்சா அது அவனுக்கே பொறுக்காது.”

குல்சும் அழுவாள் என்று ராமாமணி எதிர்பார்த்தாள். அவள் நேராக நின்று, “எந்த எடத்துலீங்க அண்ணா?” என்று மட்டும் கேட்டாள்.

கண்ணையா நடந்துபோய் ஒரு இடத்தைக் காட்டினார். குல்சும் செருப்பைக் கழற்றிவிட்டு, ஜல்லியில் மெதுவாகக் கால் வைத்துப் போய், இரண்டு உள்ளங்கைகளையும் மதிலில் பதித்து நின்றாள். நெற்றியைச் செங்கலில் சாய்த்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் முதுகு குலுங்கியது. ரியாஸ் போய் அவளைப் பிடித்துக்கொண்டான்.

“எங்கிட்ட அத்தா நாலு வார்த்தை சேந்தாப்பல பேசுனது இல்லீங்க பெரியப்பா” என்றான் திரும்பாமலேயே. “கடைக்கு வந்தாருன்னா தையலைப் பார்ப்பாரு, பிரிச்சு அடின்னு சொல்லிட்டுப் போயிருவாரு. எம்மேல பிரியமே இல்லைன்னு நெனச்சுட்டே வளந்தவன் நானு.”

கண்ணையாவின் கை ரியாஸின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

அவர்கள் அம்மாவும் மகனுமாக நிற்கட்டும் என்று ராமாமணி கணவரைக் கிணற்றடிக்கு அழைத்துவந்தாள்.

“இத்தனை வருசமாச் சிரிச்ச கதையாவே சொன்னீங்களே” என்றாள். கோபமாகத்தான் கேட்க நினைத்தாள். குரல் அப்படி வரவில்லை.

“மத்ததை எப்படி ராமா ஊட்டுக்குள்ள கொண்டாரது? வெளியே வந்தன்னைக்கு உன்ற கையைப் பாத்தேன். பஞ்சுக்கொட்டை கீறிக் கீறி வெரலெல்லாம் வெடிச்சுக் கெடந்துச்சு. நீயே அவ்வளவு பட்டிருக்கறே. இதையும் சொல்லி உன்ற தலையில ஏத்தறதான்னு தோணுச்சு. சிரிச்சதும் நெசந்தான். ஒருத்தன் அடி வாங்கிட்டு வந்தா அன்னைக்குத்தான் நாடகம் போடுவோம். இல்லைன்னா அந்த ராத்திரி போகாது.”

ராமாமணி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். அவர் அதைக் கவனித்தார் என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

சாய்ப்ரியா தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தாள். கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. “உங்களுக்குச் சம்மதம்னா இன்னொரு நாள் வந்து இதையெல்லாம் பேசிப் பதிவு பண்ணிக்கட்டுங்களா?” என்று கேட்டாள்.

கண்ணையா வாயைத் திறப்பதற்கு முன் குல்சும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “பண்ணிக்குங்க கண்ணு. ஆனா இந்த அக்காவையும் கேளுங்க. உள்ளே இருந்தவங்களை மட்டும் கேட்டாப் பாதிதான் கெடைக்கும்.”

வெளியே வந்ததும் ரியாஸ் காரைத் திறந்தான். கண்ணையா ஏறவில்லை. வாசல் முன்னால் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

“ராமா, நீங்க ரெண்டு பேரும் எங்க நிப்பீங்க?”

ஐம்பது வருடத்தில் அவர் இதைக் கேட்டது முதல் தடவை. ராமாமணி ரோட்டைக் கடந்து அவர்களைக் கூட்டிப்போனாள். வெள்வேலம் இருந்த இடத்தில் ஒரு பேக்கரி. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். “இங்கதான். உச்சி வெயில்ல இந்த அளவுக்கு நெழல் இருக்கும்” என்று கையால் தரையில் ஒரு வட்டம் காட்டினாள். கண்ணையா சரியாக அந்த இடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, ஜெயில் வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். டீ வந்து ஆறியது. அவர் எடுக்கவில்லை.

“இங்கிருந்து பாத்தா நெம்பப் பெருசா இருக்குது” என்றார் கடைசியில்.

“உள்ளே அத்தனை சின்னதுன்னு எங்களுக்கு என்ன தெரியும்?” என்றாள் ராமாமணி.

“மனு இல்லைன்னா என்ன பண்ணுவீங்க?”

“உக்காந்திருப்போம். உங்களுக்குக் கொண்டாந்ததைத் தின்னுட்டு, உங்களையே திட்டிட்டு இருப்போம். இல்ல குல்சும்?”

“அக்காதான் திட்டுவாங்க” என்றாள் குல்சும். “நான் புதுப்பொண்ணு. கேட்டுட்டு மட்டும் இருப்பேன்.” சிவந்திருந்த கண்ணோடு சிரித்தாள். ரியாஸ் எல்லோருக்கும் சூடாக இன்னொரு டீ சொன்னான். தொடையில் வடு ஏதாவது இருக்கிறதா என்று வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்று அவன் சொன்னதற்குப் பேக்கரிக்காரரும் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று தெரியாமலே.

திரும்பும்போது குல்சும் முன் சீட்டில் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தா பெண் பார்க்க வந்த கதையை ரியாஸ் கேட்டான், அவள் சொன்னாள். பின் சீட்டில் கண்ணையா ராமாமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். காங்கேயம் தாண்டியதும், “அந்தப் பஞ்சு வேலைக்கு எத்தனை மணிக்குப் போவே?” என்று கேட்டார்.

ராமாமணி சொல்ல ஆரம்பித்தாள். விடிவதற்கு முன் ரயில் பாதையோரமாக நடந்தது, பஞ்சுத் தூசியில் இருமி இருமிக் குரல் போனது, கூட வேலை செய்த பெண்கள் அவளுக்கு ‘ஜெயில்காரம்மா’ என்று பேர் வைத்து, மூட்டை தூக்கும்போது அவளுக்குச் சுமை வேண்டாமென்று தள்ளி நிற்கச் சொன்னது, மாமியார் ஒருநாள் ஒன்றும் பேசாமல் அவள் கைக்கு விளக்கெண்ணெய் தடவிவிட்டது. பல்லடத்தில் சிக்னல் விழுந்து கார் நின்றபோதும் அவள் நிறுத்தவில்லை. கண்ணையா நடுவில் ஒரு வார்த்தை பேசாமல், அவள் பக்கம் சாய்ந்து, நல்ல காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.